கொண்டை ஊசி வளைவில் கைகொடுக்கும் டர்போ: கார் என்ஜினுக்கு அளவு பார்ப்பது எப்படி?

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவையும் இரண்டாம் கியரில் திருப்பி முடித்து, ஸ்டியரிங் நேராகும் நொடியில் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறோம். அந்த நொடியில் என்ஜின் நிமிடத்துக்கு 1,600 முதல் 2,200 சுற்றுக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே இழுக்கிற டர்போதான் நம் ஊர்க்காரருக்கான டர்போ. 5,500 சுற்றில் எத்தனை குதிரைத்திறன் தருகிறது என்பது அதற்கு அடுத்த கேள்வி.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் என் 1,200 சி.சி. பெட்ரோல் காருக்கு, 2 லிட்டர் என்ஜினிலிருந்து கழற்றிய டர்போ ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். பெரியது வாங்கினால் பெரிய பலம் கிடைக்கும் என்று விற்றவர் சொன்னார், நானும் நம்பினேன். சேலம் – ஓமலூர் நெடுஞ்சாலையில் கார் நன்றாகத்தான் பாய்ந்தது. மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் திணறியது. 3,300 சுற்று வரை டர்போ இருப்பதே தெரியாது. அதைத் தாண்டியதும் ஒரே தள்ளாகத் தள்ளும். அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், பிரேக்கில் கால் வைக்க வேண்டும். மழை ஈரத்தில் அந்தத் திடீர்த் தள்ளல் ஆபத்தானதும்கூட. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பெரியவர்கள் சொன்னது டர்போவுக்கு அப்படியே பொருந்தும்.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் அதே தவற்றைச் செய்யாமல் இருக்க, நான் இப்போது பின்பற்றும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். கணக்கு உண்டு; பள்ளிக்கூடப் பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில் டர்போ என்ன செய்கிறது என்பதை இரண்டு வரியில் பார்த்துவிடலாம். சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது, அது டர்பைன். அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரசர் சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம், பலம் கூடும். சின்னச் சக்கரம் எடை குறைந்தது, கொஞ்சம் புகைக்கே சுழன்று எழும். ஆனால் மேல்சுற்றில் அதற்கு மூச்சு போதாது. பெரிய சக்கரத்துக்கு மூச்சு உண்டு. எழுந்து ஓடத்தான் நேரமாகும். அளவு பார்ப்பது என்பது இந்த இரண்டுக்கும் நடுவே நம் சாலைக்கான இடத்தைக் கண்டுபிடிப்பதுதான்.

உங்கள் சாலையை எழுதிவையுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு நண்பரும் வேண்டும். காரின் ஓபிடி துளையில் (கார்க் கணினியின் தகவலைப் படிக்கும் இணைப்பில்) செருகும் சின்னக் கருவி ஒன்றை வாங்கிச் செல்பேசியோடு இணைத்தால் என்ஜின் சுற்று, காற்றின் வெப்பம், மானிஃபோல்டு அழுத்தம் (என்ஜினுக்குள் நுழையும் காற்றின் அழுத்தம்) எல்லாம் திரையில் தெரியும். நண்பர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் நொடியில் சுற்று எவ்வளவு என்று எழுத வேண்டும். ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கவே கூடாது.

என் நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. இடப்பக்கம் வளைவு எண், வலப்பக்கம் சுற்று: 1,750, 1,600, 2,100, 1,900... ஒரு வளைவுக்கு எதிரே மட்டும் ‘பஸ், முதல் கியர்’ என்று கோணல் கையெழுத்து. இருபது வரியில் ஒன்றுகூட 2,300-ஐத் தாண்டவில்லை. நேர்ப்பாதையில் மிக அதிகமாகப் போனது 3,800. இந்த ஒரு பக்கத்தை முன்பே எழுதியிருந்தால் அந்தப் பெரிய டர்போவை நான் தொட்டிருக்கவே மாட்டேன். நீங்கள் பெரும்பாலும் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடுகிறவர் என்றால் உங்கள் பக்கம் வேறாக இருக்கும். உங்கள் டர்போவும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

எவ்வளவு காற்று வேண்டும்?

அடுத்து, எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். டர்போ இல்லாமல் 80 குதிரைத்திறன் தரும் 1,200 சி.சி. பெட்ரோல் என்ஜினை உதாரணமாக வைத்துக்கொள்வோம். பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் மாற்றாமல் 100 வரை ஆசைப்படலாம். அதற்கு மேல் புதியவர்கள் போக வேண்டாம். இத்தகைய என்ஜின்களின் ‘கம்ப்ரஷன் ரேஷியோ’, அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை நசுக்கும் விகிதம், 10-க்கு மேல் இருக்கும். அதில் பூஸ்டை, அதாவது டர்போ வெளிக்காற்றுக்கு மேல் கூட்டும் அழுத்தத்தை, ஏற்றினால் தீப்பொறியின் சுடர் வந்து சேரும் முன்பே பெட்ரோல் கலவை தானாக வெடிக்கும் ‘நாக்கிங்’ தொடங்கிவிடும். சேலத்துச் சித்திரை வெயிலில் அது இன்னும் சீக்கிரம் வரும். பிஸ்டன் உடைவது பெரும்பாலும் இப்படித்தான்.

டர்போ பொருத்திய பெட்ரோல் என்ஜின் முழு மிதியில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 250 கிராம் பெட்ரோல் குடிக்கும் என்று வைத்துக் கணக்குப் போடலாம். 100 குதிரைத்திறனுக்கு மணிக்கு 25 கிலோ, நிமிடத்துக்கு 0.417 கிலோ. முழு மிதியில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12 பங்கு காற்று என்று கொண்டால், நிமிடத்துக்கு 5 கிலோ காற்று வேண்டும். டர்போவிடம் நாம் கேட்பது இந்த 5 கிலோவைத்தான். குதிரைத்திறனைச் சொல்லி டர்போ கேட்பது, இடுப்பளவு சொல்லாமல் ‘கல்யாணத்துக்கு ஒரு பேண்ட்’ என்று தையல்காரரிடம் கேட்பதைப் போன்றது.

எவ்வளவு அழுத்தம் வேண்டும்?

நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தன் முழுக் கொள்ளளவுக் காற்றை இழுக்கும். 1.2 லிட்டரை உச்ச பலம் கேட்கும் 5,500 சுற்றால் பெருக்கி இரண்டால் வகுத்தால் நிமிடத்துக்கு 3,300 லிட்டர். சாதாரண என்ஜின் முழுதாக நிரம்புவதில்லை. 90 சதவீதம் என்று கொண்டால் 2,970 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட 3 கன மீட்டர். இதற்குள் 5 கிலோ காற்று அடங்க வேண்டுமானால் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1.68 கிலோ அடர்த்தி வேண்டும்.

அடர்த்தியை அழுத்தமாக மாற்ற, காற்றின் வெப்பம் தெரிய வேண்டும். வெளியே 38 டிகிரி வெயில். டர்போவில் சூடான காற்றைக் குளிர்விக்கும் நல்ல இன்டர்கூலரைத் தாண்டி என்ஜினுக்குள் நுழையும் காற்று 55 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதனுடன் 273 சேர்த்தால் 328. அடர்த்தி 1.68-ஐ 287-ஆலும் (இது காற்றுக்கான மாறிலி) 328-ஆலும் பெருக்கினால் சுமார் 1,58,000 பாஸ்கல், அதாவது 1.58 பார் கிடைக்கும். இது வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்த மொத்த அழுத்தம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே வெளிக்காற்று 0.98 பார். ஆக, நாம் வைக்க வேண்டிய பூஸ்ட் 0.6 பார்.

இன்னும் ஒரு படி இருக்கிறது. கம்ப்ரசர் தன் வாயில் வாங்கும் அழுத்தத்துக்கும் வெளியே தள்ளும் அழுத்தத்துக்கும் உள்ள விகிதம்தான் டர்போவின் உண்மையான வேலைப்பளு. ஏர் ஃபில்டரில் 0.03 பார் இழப்பு, ஆகவே வாயில் 0.95. இன்டர்கூலரிலும் குழாய்களிலும் சுமார் 0.09 இழப்பு, ஆகவே வெளியே 1.67. வகுத்தால் 1.75. சேலத்தில் இந்தக் காருக்கான அழுத்த விகிதம் இதுதான்.

ஏற்காட்டில் கணக்கு மாறுகிறது

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்று 0.85 பார்தான். டர்போ இல்லாத கார் மேலே ஏறியதும் எட்டில் ஒரு பங்குக்கு மேல் பலத்தை இழப்பது இதனால்தான். உயரத்தில் இழந்த காற்றை மீட்டுத் தருவது டர்போவின் பழைய வேலை. 1918-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய சான்ஃபோர்டு மாஸ், விமான என்ஜின் ஒன்றை டர்போவோடு சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டினார். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை அதில் பாதி உயரம்கூட இல்லை. ஆனாலும் நம் கணக்கை மாற்ற அது போதும்.

கணினி கட்டுப்படுத்தும் கார் மேலேயும் அதே 1.58 பாரைத் தர முயன்றால், கம்ப்ரசரின் வாயில் இப்போது 0.82 பார்தான், விகிதம் 2.04 ஆகிவிடும். காற்று மெலிந்திருப்பதால் அதே 5 கிலோவுக்கு அதிகக் கன அளவை விழுங்க வேண்டும். கம்ப்ரசர் வரைபடத்தில் குறிப்பதற்காக வெப்பமும் அழுத்தமும் சேர்த்துத் திருத்தினால், சேலத்தில் 5.1 கிலோ என்று காட்டும் புள்ளி ஏற்காட்டில் 5.8 கிலோ ஆகிறது. கார் அதே கார்தான், டர்போ மட்டும் கூடுதல் வேகத்தில் சுழல்கிறது. சிறிய டர்போக்கள் முழுப் பளுவில் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றையும் தாண்டக்கூடியவை. அந்த எல்லைக்கு மேலே தொடர்ந்து ஓட்டினால் தாங்கி தேயும், சக்கரம் விரிசல் விடும்.

அழுத்தம் போதுமானதும் புகையின் ஒரு பகுதியை டர்பைனைத் தொடாமல் வெளியே விடும் கதவுக்கு வேஸ்ட்கேட் என்று பெயர். ஸ்பிரிங் மட்டுமே உள்ள சாதாரண வேஸ்ட்கேட்டில் இந்தத் தொல்லை குறைவு. அது வெளிக்காற்றுக்கு மேலே 0.6 பார் என்றுதான் பார்க்கும். ஏற்காட்டில் மொத்தம் 1.45 பார் கிடைக்கும். பலம் எட்டு சதவீதம் அளவுக்குக் குறையும், டர்போ பிழைக்கும். மலைக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு இந்த எளிய ஏற்பாட்டையே நான் பரிந்துரைப்பேன்.

கம்ப்ரசர் வரைபடத்தைப் படிப்பது

நல்ல நிறுவனங்கள் ஒவ்வொரு டர்போவுக்கும் ஒரு வரைபடம் தருகின்றன. வரைபடம் இல்லாத டர்போவை வாங்காதீர்கள். எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். கீழ்க்கோட்டில் காற்றின் எடை, பெரும்பாலும் நிமிடத்துக்குப் பவுண்டில் இருக்கும். நம் கிலோவை 2.2-ஆல் பெருக்குங்கள். நிற்கும் கோட்டில் அழுத்த விகிதம். நடுவே வெங்காயத்தைக் குறுக்கே அறுத்தாற்போல வளையங்கள் தெரியும். உள்வளையம் அதிகத் திறன், வெளியே போகப்போகக் குறைவு. திறன் குறைந்தால் காற்று வீணாகச் சூடாகும்: 38 டிகிரியில் நுழைந்த காற்று, 1.75 விகிதத்தில், 70 சதவீதத் திறனில் சுமார் 115 டிகிரியாக வெளியே வரும். 60 சதவீதத் திறனில் 128.

இடப்பக்க எல்லை ‘சர்ஜ்’ கோடு. அதற்கு இடப்பக்கம் போனால் கம்ப்ரசர் காற்றைப் பிடித்துவைக்க முடியாமல் திருப்பித் துப்பும். படபடவென்று சத்தம் கேட்கும், தாங்கி அடிவாங்கும். வலப்பக்க எல்லையில் சக்கரத்துக்கு மூச்சு முட்டும். எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் காற்று கூடாது.

இந்த வரைபடத்தில் மூன்று புள்ளிகளைப் பென்சிலால் வையுங்கள். நம் உதாரணத்தில் சேலத்து உச்சி: 11.2 பவுண்டு, விகிதம் 1.75. ஏற்காட்டு உச்சி: 12.8 பவுண்டு, விகிதம் 2.04. மூன்றாவதுதான் பலர் வைக்காமல் விடுவது, வளைவின் வாசல்: 2,000 சுற்றில் 0.3 பார் பூஸ்ட் கிடைத்தால் என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 1.4 கிலோ, அதாவது 3 பவுண்டு காற்று எடுக்கும், விகிதம் 1.35. இந்தப் புள்ளி சர்ஜ் கோட்டுக்கு வலப்பக்கம் வசதியாக உட்கார வேண்டும்.

டர்போ தயாரிக்கும் காரெட் நிறுவனத்தின் பட்டியலில் ஜி.டி.1241 என்பது 0.4 முதல் 1.2 லிட்டர் வரையிலான என்ஜின்களுக்கு, 50 முதல் 130 குதிரைத்திறன் வரை. ஜி.டி.1544 என்பது 1.0 முதல் 1.6 லிட்டருக்கு, 100 முதல் 150 வரை. பெயரின் கடைசி இரண்டு இலக்கங்கள் கம்ப்ரசர் சக்கரத்தின் வெளிவிட்டம் மில்லிமீட்டரில். நம் 1.2 லிட்டரும் 100 குதிரைத்திறனும் இரண்டுக்கும் விளிம்பில் நிற்கின்றன. முதலாவதில் என்ஜின் அளவு மேல் எல்லையில். இரண்டாவதில் குதிரைத்திறன் கீழ் எல்லையில்.

இப்படி இரண்டுக்கும் நடுவே மாட்டும்போது நோட்டுப் புத்தகத்தைத் திறங்கள். என் நோட்டு 1,600–2,200 என்று சொல்கிறது. நான் சின்னதைத்தான் எடுப்பேன். ஏற்காட்டில் யாரும் 5,500 சுற்றில் ஓட்டுவதில்லை; அந்த உச்சிப் புள்ளி எட்டாமல் போனால் எனக்கு நட்டமில்லை. வளைவின் வாசல் எட்டாமல் போனால் இருபது முறை நட்டம்.

டர்பைன் பக்கம்

கம்ப்ரசரை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். டர்பைனைச் சுற்றியுள்ள நத்தை வடிவக் கூட்டில் ‘ஏ/ஆர்’ என்று ஓர் எண் பொறித்திருக்கும். கூட்டின் வாய்ப்பரப்பை, தண்டின் மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்தால் வகுத்த எண் அது. எண் சிறியதானால் புகை நெருக்கமாகப் பாய்ந்து சக்கரம் சீக்கிரம் எழும். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறுவதைப் போல. மேல்சுற்றில் அதே நெருக்கம் புகையை என்ஜினுக்குள்ளேயே தேக்கும். ஒரே சக்கரத்துக்கு இரண்டு கூடுகள் கிடைத்தால், மலைப்பாதைக்குச் சின்ன எண்ணையே எடுங்கள். மேல்சுற்றின் தேக்கத்தைத் தாராளமான வேஸ்ட்கேட் வாய் பார்த்துக்கொள்ளும்.

டீசல் கார்களில் இந்தக் கூட்டின் வாயை ஓடும்போதே திறந்து மூடும் அசையும் இதழ்கள் உள்ள டர்போ உண்டு. 1,248 சி.சி. மல்டிஜெட் டீசல் என்ஜின் நம் சாலைகளில் இரண்டு விதமாகவும் ஓடியது. நிலையான டர்போவோடு 75 குதிரைத்திறன். ஸ்விஃப்டில் முழு முறுக்குவிசை 190 நியூட்டன் மீட்டர், 2,000 சுற்றில். இதழ் டர்போவோடு 90 குதிரைத்திறன். எர்டிகாவில் 200 நியூட்டன் மீட்டர், 1,750 சுற்றில். இந்த 250 சுற்று வித்தியாசத்தை ஏற்காட்டுப் பாதையில் ஓட்டிப் பார்த்தவர்களிடம் கேளுங்கள்.

வாங்கும்போது

சேலத்தைச் சுற்றிச் சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்று லாரியும் ரிக் வண்டியும் நிறைந்த ஊர்கள். பழைய டர்போ எளிதாகக் கிடைக்கும், பழுது பார்க்கும் கைதேர்ந்த மெக்கானிக்குகளும் கிடைப்பார்கள். அவர்களிடம் சென்று கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் லாரி டர்போவைக் காருக்கு வாங்கி வராதீர்கள். என் பெரிய டர்போவைக் கையில் எடுத்துப் பார்த்த சங்ககிரி லாரி மெக்கானிக் ஒருவர், சக்கரத்தை விரலால் சுண்டிவிட்டு, “தம்பி, இதைச் சுழற்றும் அளவுக்கு உங்கள் வண்டி புகை விடாது” என்றார். ஒரே வரியில் முழுப் பாடமும் முடிந்துவிட்டது.

பழையதுதான் வாங்குவது என்றால் தண்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள்; சாதாரண புஷ் தாங்கியில் மிகச் சிறிய ஆட்டம் இயல்பு. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் கைக்குத் தெரியவே கூடாது. சக்கரத்தின் இதழ் நுனிகள் கூட்டில் உரசிய பளபளப்பு இருந்தால் வேண்டாம். பெயர்த்தகட்டில் எண் இல்லாவிட்டாலும் வேண்டாம். எண் இருந்தால்தான் வரைபடம் கிடைக்கும்.

காரோடு வந்த டர்போ கெட்டுப்போய் மாற்றுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை. அதே எண் கொண்ட டர்போவையே போடுங்கள்.

பொருத்துவதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாய் அகலமாக, மடிப்பில்லாமல், நேராகக் கீழே இறங்கி, என்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். இது தவறினால் எண்ணெய் தேங்கி, சீல் வழியாகக் கசிந்து, நீலப்புகை வரும். டர்போ போய்விட்டது என்று நல்ல டர்போவைக் கழற்றி எறிவார்கள். எரிபொருள் அளவையும் தீப்பொறி நேரத்தையும் கணினியில் திருத்தாமல் ஒரு கிலோமீட்டர்கூட முழு மிதியில் ஓட்ட வேண்டாம்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் நிறுவனத்தின் அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. வேலையைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்துமூலம் கேளுங்கள். பந்தயத் தடத்துக்கு மட்டும் என்று கார் தயாரிப்பவர்களுக்குக் கோவை செட்டிப்பாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது.

எல்லாம் முடிந்து முதன்முறை மலை ஏறும்போது அதே நண்பரையும் அதே நோட்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். இம்முறை சுற்றுக்குப் பக்கத்தில் பூஸ்டையும் எழுதட்டும். 2,000 சுற்றில் 0.3 பார் காட்டினால் கணக்கு சரி. மேலே ஏரி அருகே வண்டியை நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். இரண்டு நிமிடம் என்ஜின் சும்மா ஓடட்டும். ஏறி வந்த சூட்டில் எண்ணெய் ஓட்டம் நின்றால் தாங்கிக்குள் இருக்கும் எண்ணெய் கரியாகப் படியும். சேலம் திரும்பி, மறுநாள் காலை என்ஜின் ஆறிய பிறகு, குழாய்களின் எல்லாக் கிளாம்புகளையும் ஒரு முறை இறுக்கி, எண்ணெய்க் குழாயின் இணைப்பை வெள்ளைத் துணியால் துடைத்துக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.